அப்புறம்வாவின் குறிப்பேடு

பெற்றோர் வைத்த பெயரைச் சொல்லி அவளை விசாரித்தால் அந்த மருத்துவமனையில் ஒருவருக்கும் தெரியாது. ‘அப்புறம்வா எங்கே?’ என்று கேட்டால் வாயிற்காவலர்கூட மூன்றாம் மாடி, வலது கைப்பக்கம், ஏசி இரைகிற அறை என்று வழி சொல்லிவிடுவார். முகத்துக்கு நேராகவும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். அவள் கோபித்துக்கொண்டதில்லை. கோபத்தைச் சில்லறையாகச் செலவழிக்கிற பழக்கம் அவளுக்கு இல்லை. சேர்த்துவைத்து மொத்தமாகக் கொடுப்பாள்.

பெயர் வந்த கதை இது. அந்த மருத்துவமனையின் மெயில் சர்வர் அவள் பொறுப்பு. வெளியிலிருந்து யார் எந்த மெயில் அனுப்பினாலும் முதலில் அந்த இயந்திரத்தின் வாசலைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டும். மூன்று வருஷத்துக்கு முன்னால் குப்பை மெயில் வெள்ளமாக வந்துகொண்டிருந்தது. ரத்த வங்கி கவுண்டரில் காலையில் கம்ப்யூட்டரைத் திறந்தால் பரிசு விழுந்த செய்தி நானூறு, முடி வளரும் தைலம் இருநூறு, அதற்கு நடுவில் எங்கேயோ ஒரு மூலையில் ‘நாளை காலை அறுவை சிகிச்சை, இரண்டு பை ரத்தம் வேண்டும்’ என்று ஒரே ஒரு மெயில். அதைத் தேடி எடுப்பதற்குள் கவுண்டர் அக்காவுக்குக் கண் பூத்துவிடும்.

அப்புறம்வா ஒரு ப்ளகின் எழுதினாள். ப்ளகின் என்றால் பெரிய விஷயமில்லை, ஓடிக்கொண்டிருக்கிற சர்வரில் செருகிவிடுகிற சின்ன நிரல். முன்பின் தெரியாத முகவரியிலிருந்து ஒரு மெயில் வந்தால் அது ‘இப்போது முடியாது, அப்புறம் வா’ என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிடும். ஒழுங்கான இடத்திலிருந்து வருகிற மெயில் கால் மணி நேரம் கழித்து மறுபடி வந்து தட்டும். அப்போது உள்ளே விட்டுவிடலாம். ஒரே நாளில் லட்சம் பேருக்குத் தைலம் விற்கிறவனுக்குத் திரும்பி வந்து நிற்க ஏது நேரம்? அவன் அடுத்த வீட்டைப் பார்த்துப் போய்விடுவான். ப்ளகின் போட்ட மறுநாள் கவுண்டர் அக்காவின் பெட்டியில் பதினோரு மெயில்தான் இருந்தன, பதினொன்றும் நிஜம். விஷயம் காதுக்கு எட்டியதும் நர்ஸ்கள் அவளுக்குப் பெயர் சூட்டிவிட்டார்கள்.

ஆனால் வாசலில் நிற்கிறவனுக்கு ஞாபகசக்தி வேண்டும். யாரைத் திருப்பி அனுப்பினோம், யார் திரும்பி வந்தார்கள் என்று தெரியாவிட்டால் வந்தவரையே மறுபடி மறுபடி அப்புறம் வா என்று அலைக்கழிக்க வேண்டியதுதான். அந்த மாதிரி அலுவலகங்களை நாம் பார்க்காதவர்களா என்ன? அவள் எழுதிய முதல் ப்ளகின் எல்லாவற்றையும் ஓடுகிறபோது மட்டும் மனசில் வைத்திருந்தது. இரண்டாம் வாரம் மின்சாரம் போய்ச் சர்வர் நின்று மறுபடி எழுந்தபோது அதற்கு யாரையும் அடையாளம் தெரியவில்லை. தினமும் பத்து முறை வருகிற சொந்தப் பரிசோதனைக்கூடத்தையே வாசலில் நிற்க வைத்தது. டாக்டர்கள் தொலைபேசியில் பிடி பிடி என்று பிடித்தார்கள்.

ஆகவே ஞாபகத்தை ஒரு ஃபைலில் எழுதி வைக்கும்படி மாற்றினாள். அந்த ஃபைலுக்குக் குறிப்பேடு என்று பெயர் வைத்தாள். எங்கே வைப்பது? சர்வரின் கையேட்டில் அதற்கென்றே ஒரு வரி இருந்தது: ப்ளகின் நினைவில் வைக்க வேண்டிய எதையும் ப்ளகினுடைய ஃபோல்டருக்குள் வைக்காதீர்கள், அதற்குச் சர்வர் தனியாக ஓர் இடம் தரும், அங்கே வையுங்கள். படித்தாள், பென்சிலால் அடிக்கோடும் போட்டாள். ஆனால் அந்தத் தனி இடத்தை ஒதுக்கிக் கொடுக்க மூன்று பேர் கையெழுத்து வேண்டும், மூவரில் ஒருவர் விடுப்பில். சரி, இப்போதைக்கு இங்கேயே இருக்கட்டும் என்று ப்ளகின் பக்கத்திலேயே குறிப்பேட்டையும் போட்டுவிட்டாள். எல்லாம் நன்றாக ஓடியது. நன்றாக ஓடுகிற எதையும் யாரும் திறந்து பார்ப்பதில்லை, அவளும் பார்க்கவில்லை, மூன்று வருஷம் போய்விட்டது.

குறிப்பேட்டில் ஒரு வரியை மட்டும் அவள் தன் கையால் எழுதியிருந்தாள். ஆற்றுக்கு அக்கரையில் பன்னிரண்டு படுக்கை கொண்ட ஒரு சின்ன மருத்துவமனை உண்டு. ரத்தம் வேண்டுமென்றால் டாக்டர் காகிதத்தில் எழுதி ஒரு பழைய ஸ்கேனரில் வைத்துப் பொத்தானை அமுக்குவார். அது மெயிலாக வரும். அந்த ஸ்கேனருக்கு ஒரு கோளாறு. அனுப்பினால் அனுப்பியதுதான். எதிரில் இருப்பவர் என்ன பதில் சொன்னார் என்று காதில் வாங்காது, ‘சென்றது’ என்று திரையில் போட்டுவிட்டுத் தூங்கப் போய்விடும். அதனிடம் அப்புறம் வா என்று சொல்வது சுவரிடம் சொல்வது மாதிரி. அதனால் ‘அக்கரை, தெரிந்தவர், எப்போதும் உள்ளே விடு’ என்று அவளே குறிப்பேட்டில் சேர்த்திருந்தாள்.

இங்கே அவளைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லியாக வேண்டும். அவள் எந்தக் கல்லூரியிலும் கம்ப்யூட்டர் படித்தவள் இல்லை. இருபத்திரண்டு வயதில் நோயாளிகளின் வெளியேற்றச் சீட்டைத் தட்டச்சு செய்ய வந்தவள். தட்டச்சு இயந்திரம் போய்க் கம்ப்யூட்டர் வந்தபோது, அது ஏன் இப்படி மக்கர் பண்ணுகிறது என்று கையேடுகளை எடுத்துப் படிக்கத் தொடங்கி, படித்துப் படித்தே மூன்றாம் மாடிக்கு ஏறியவள். படித்தவர்கள் நடுவில் படிக்காமல் மேலே வந்தவர்களிடம் ஒரு விறைப்பு இருக்கும். அவளிடம் கொஞ்சம் கூடுதலாகவே இருந்தது. ஒரு முறை நிர்வாகி ஒருவர், வேலையைவிட்டுப் போன டாக்டரின் மெயிலைத் திறந்து காட்டச் சொன்னார். எழுதிக் கொடுங்கள் சார், திறக்கிறேன் என்றாள். அவர் எழுதவுமில்லை, அவள் திறக்கவுமில்லை. அன்றிலிருந்து அவளைக் கண்டால் அவர் மறுபக்கப் படியில் இறங்குவார்.

இந்த வருஷம் கம்ப்யூட்டர் பிரிவுக்குப் புது மேனேஜர் வந்தார். எதைக் காட்டினாலும் ‘இதுக்குப் புதுசு வந்துடுச்சே’ என்பார்; அதனால் அவருக்குப் புதுசு என்றே பெயர் நிலைத்தது. கெட்டவர் என்று சொல்ல முடியாது. அவசரக்காரர். ஒரு செவ்வாய்க்கிழமை காலை, மதியம் நிர்வாகக் குழுக் கூட்டம் இருக்கிறது, அதற்குள் மெயில் சர்வரைப் புதிய பதிப்புக்கு மாற்றிவிட வேண்டும் என்று வந்து நின்றார். எதையெல்லாம் பத்திரப்படுத்த வேண்டும் என்று பார்க்க இரண்டு நாள் வேண்டும் என்றாள் அவள். பொத்தானை அமுக்குவதற்கு இரண்டு நாளா என்று சிரித்தார். அவள் ப்ளகினை மட்டும் ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொண்டு பத்து மணிக்குப் பொத்தானை அமுக்கினாள்.

புதிய பதிப்பு வந்ததும் பழைய ப்ளகின் ஃபோல்டரை வேரோடு எடுத்துப் போட்டுவிட்டுப் புதிதாக ஒன்று வைத்தது. கையேடு சொன்னது அதைத்தான். அவள் பிரதியிலிருந்து ப்ளகினைத் திருப்பி வைத்தாள், அது ஓடியது. ஆனால் அன்று முழுக்க மெயிலெல்லாம் கால் மணி தாமதமாக வந்தன. குறிப்பேடு அழிந்துவிட்டது என்று அவளுக்கு அப்போதே புரிந்தது. போகட்டும், இரண்டு நாளில் எல்லோரையும் தானாகவே மறுபடி தெரிந்துகொள்ளும் என்று தோளைக் குலுக்கிவிட்டாள். தானாகக் கற்றுக்கொள்ள முடியாத அந்த ஒரு வரி, தன் கையால் எழுதிய வரி, அவள் ஞாபகத்துக்கு வரவே இல்லை. மதியக் கூட்டத்தில் புதுசுக்குக் கைதட்டினார்கள்.

அன்றே பத்து நாற்பத்திரண்டுக்கு அக்கரையிலிருந்து ஒரு காகிதம் ஸ்கேனரில் ஏறியது. இடுப்பெலும்பு உடைந்த ஒரு தச்சருக்குப் புதன்கிழமை அறுவை சிகிச்சை. எளிதில் கிடைக்காத வகை ரத்தம் இரண்டு பை வேண்டும். ஸ்கேனர் ‘சென்றது’ என்றது. புதன்கிழமை ரத்தம் வரவில்லை. தச்சர் மேலும் நான்கு நாள் வலியில் கிடந்தார். உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை, ஆனால் அவருடைய மனைவி சும்மா இருக்கிற ஆளில்லை. எழுதிப் போட்ட புகார் நேரே தலைமை அலுவலகத்துக்குப் போனது. இனி மெயிலே வேண்டாம், தொலைபேசியில் சொல்லிக்கொள்கிறோம் என்று அக்கரைக்காரர்களும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

அங்கே சென்றது என்கிறது, இங்கே வரவில்லை என்கிறார்கள். அப்படியானால் யார் மேல் பழி விழும்? கவுண்டரில் உட்கார்ந்திருப்பவர் மேல்தான். கவுண்டர் அக்கா ஆறு வருஷமாகத் தற்காலிக வேலையில் இருந்தாள். அடுத்த மாதம் நிரந்தரமாக்கும் உத்தரவு வர வேண்டியது. படிக்காமல் அழித்துவிட்டு இப்போது வரவில்லை என்று சாதிக்கிறாள் என்று ஒரு குறிப்பு போனது. அவளைக் கவுண்டரிலிருந்து எழுப்பி, விசாரணை முடிகிறவரை பழைய பதிவேடுகளுக்கு அட்டை ஒட்டும் வேலைக்கு அனுப்பினார்கள். விசாரணையில் தப்பு என்று முடிவானால் நிரந்தரமும் இல்லை, தற்காலிகமும் இல்லை.

மூன்றாம் மாடிக்கு இந்தச் செய்தி வந்து சேர எட்டு நாள் ஆனது. படியில் எதிர்ப்பட்ட கவுண்டர் அக்கா, விரலில் பசையோடு நின்று, எந்த மெயிலைச் சொல்கிறார்கள் என்றே தனக்குத் தெரியவில்லை, ஏதோ அக்கரை மருத்துவமனை மெயிலாம் என்றாள். அக்கரை என்ற சொல்லைக் கேட்டதும்தான் அப்புறம்வாவுக்குத் தன் கையால் எழுதிய அந்த வரி ஞாபகம் வந்தது. இரண்டிரண்டு படியாக ஏறி ஓடினாள்.

புதிய குறிப்பேட்டைத் திறந்தாள். ஒரு தடவை வந்து திரும்பி வராதவர்களின் வரியை இரண்டு நாளில் குப்பையில் போட்டுவிடுவதுதான் வழக்கம். அவள் எதையும் லேசில் தூக்கி எறிகிறவள் இல்லை; இரண்டு நாள் கழித்து வருகிறவரைப் புது ஆளாக எண்ணினாலும், பழைய வரியை நாற்பது நாள் வைத்திருக்கும்படி எழுதியிருந்தாள். அங்கே இருந்தது அந்த வரி. அக்கரை முகவரி, செவ்வாய், பத்து நாற்பத்திரண்டு, பெறுபவர் ரத்த வங்கி, வந்தது ஒரு முறை, அப்புறம் வரச் சொல்லப்பட்டது, வரவில்லை. முதல் வேலையாக அக்கரையை மறுபடி தெரிந்தவர் பட்டியலில் சேர்த்தாள். பிறகு நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தாள். தப்பு யாருடையது என்று இனித் தேட வேண்டியதில்லை. அது அவள் ஃபோல்டருக்குள்தான் இருந்தது.

புதுசிடம் போய் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் கெட்டிக்காரர், பாதியிலேயே புரிந்துகொண்டார். எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

“இந்தக் குறிப்பேடு இப்ப எங்க இருக்கு?”

“ப்ளகின் ஃபோல்டர்லதான் சார்.”

“அப்படின்னா ஒண்ணு பண்ணுங்க. ப்ளகினை எடுத்துட்டுச் சுத்தமா மறுபடி போட்டுடுங்க. நாளைக்கு விசாரணை. அதுக்கு முன்னாடி எல்லாம் புதுசா இருக்கட்டும்.”

மறுபடி போட்டால் ஃபோல்டர் போகும், ஃபோல்டரோடு அந்த வரியும் போகும். சர்வரின் தினசரிப் பதிவுகள் ஒரு வாரத்துக்கு மேல் தங்காது, அவை ஏற்கெனவே போய்விட்டன. உலகத்திலேயே கவுண்டர் அக்காவுக்கு இருக்கிற ஒரே சாட்சி அந்த ஒற்றை வரிதான். அது இரண்டு பேருக்கும் தெரிந்திருந்தது.

“எழுதிக் கொடுங்க சார், செய்யறேன்” என்றாள்.

புதுசு சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. தான் தனக்காகப் பேசவில்லை என்று பொறுமையாக விளக்கினார். இந்தத் தப்பு வெளியே வந்தால் அவள் தலைதான் உருளும். படிப்பில்லாமல் இவ்வளவு தூரம் வந்தவள், இதற்காகவே காத்திருக்கிறவர்கள் இருக்கிறார்கள். கவுண்டர் பெண்ணுக்கு இன்னொரு இடத்தில் வேலை கிடைக்கும், இவளுக்குக் கிடைக்குமா? அதையெல்லாம் யோசித்துப் பார்க்கட்டும் என்றார். அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை, அதுதான் அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

“யோசிச்சுட்டேன் சார். அந்த அக்கா ஒரு மெயிலையும் அழிக்கலை. அழிஞ்சது என் குறிப்பேடு. அதை ரெண்டாவது தடவையும் என் கையாலேயே அழிக்கச் சொல்றீங்க. என்னால முடியாது.”

சொல்லிவிட்டு வந்து, குறிப்பேட்டை மூன்று பிரதி எடுத்து மூன்று இடத்தில் வைத்தாள். மூன்று வருஷத்துக்கு முன்னால் செய்திருக்க வேண்டியதைக் கால் மணியில் செய்தாயிற்று என்று நினைத்தபோது, புதுசின் மேல் இருந்ததைவிடத் தன் மேல்தான் ஆத்திரம் பொங்கியது.

மாலை வீட்டில் கணவனிடம் சொன்னாள். அவன் லிஃப்ட் மெக்கானிக். பேச்சு குறைவு, பேசினால் லிஃப்ட்டில் தொடங்கி லிஃப்ட்டில் முடிப்பான். காய் நறுக்கிக்கொண்டே முழுவதையும் கேட்டான். போன வருஷம் ஒரு கட்டடத்தில் லிஃப்ட் இடையில் நின்று உள்ளே ஆள் மாட்டிக்கொண்டபோது, தான் ஒரு திருகை முடுக்க மறந்ததை அவனே எழுதிக் கொடுத்துவிட்டு வந்தவன். மூன்று மாதம் பழைய கட்டடங்களின் லிஃப்ட் வேலையாகவே அவன் தலையில் கட்டினார்கள். அப்போது வீட்டில் அவனைத் திட்டியவள் இவள்தான்.

“அன்னிக்கு என்னை என்ன சொன்னே, ஞாபகம் இருக்கா?” என்றான்.

பிழைக்கத் தெரியாத மனுஷன் என்று சொல்லியிருந்தாள். ஞாபகம் இருந்தது.

“நாளைக்கு நீ வந்ததும் அதையே நான் உன்னைச் சொல்றேன்” என்று சொல்லிவிட்டுக் கத்தியைக் கழுவப் போனான். இருவருக்குமே சிரிப்பு வந்துவிட்டது. அன்று அவள் வயிறாரச் சாப்பிட்டாள்.

விசாரணை, பழைய நூலக அறையில். நீள மேசையின் தலைப்பில் ரத்த வங்கியின் மூத்த டாக்டரம்மா, அவருக்கு இரண்டு பக்கமும் நிர்வாகத்திலிருந்து இருவர், ஓரத்தில் புதுசு. எதிரே கவுண்டர் அக்கா, கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அப்புறம்வாவை யாரும் அழைக்கவில்லை. கதவைத் தட்டிவிட்டு அவளாகவே உள்ளே போனாள். அழைக்காமல் வந்தது ஏன் என்று நிர்வாகிகளில் ஒருவர் கேட்டார். அப்புறம் வா என்றுகூட இங்கே யாரும் அழைக்கப்போவதில்லை என்று தெரிந்ததால் நானே வந்துவிட்டேன் என்றாள். டாக்டரம்மா உட்காரச் சொன்னார்.

நின்றுகொண்டே சொன்னாள். வாசல், குறிப்பேடு, அழிந்த வரி, காது கேளாத ஸ்கேனர் என்று ஒன்று விடாமல் சொல்லி, அச்செடுத்த வரியை மேசையில் வைத்தாள். கையேட்டில் அடிக்கோடு போட்ட பக்கத்தையும் திறந்து வைத்தாள். தெரியாமல் செய்த தப்பில்லை, தெரிந்தே தள்ளிப்போட்ட தப்பு என்பதற்கு அது சாட்சி. புதுசு தொண்டையைச் செருமினார். ஒரு வரிதானே, யார் வேண்டுமானாலும் நேற்றுத் தட்டியிருக்கலாமே என்றார். அது நியாயமான கேள்விதான்.

“அப்ப செஞ்சே பார்த்துடலாம் மேடம். அக்கரையை இருபது நிமிஷத்துக்குப் பட்டியல்லேர்ந்து எடுத்துடறேன். அவங்க ஒரு வெத்துத் தாளை அனுப்பட்டும். ரத்தம் அவசரம்னா போன் பண்ணச் சொல்லிடுங்க.”

டாக்டரம்மாவே அக்கரைக்குத் தொலைபேசியில் பேசினார். அங்கே ஒருவர் வெறும் தாளை ஸ்கேனரில் வைத்தார். திரையில் ‘சென்றது’ என்று வந்துவிட்டது என்று சொன்னார். இங்கே ரத்த வங்கியின் மெயில் பெட்டியை மேசை மேல் திறந்து வைத்து எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பத்து நிமிஷம். பதினைந்து. நிர்வாகிகளில் ஒருவர் பேனாவைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார். இருபது நிமிஷம் ஆகியும் பெட்டியில் ஒன்றும் விழவில்லை. குறிப்பேட்டைத் திறந்து காட்டினாள்: வந்தது ஒரு முறை, அப்புறம் வரச் சொல்லப்பட்டது. பழைய வரிக்கும் புதிய வரிக்கும் தேதியும் நேரமும் மட்டும்தான் வித்தியாசம். அக்கரையைத் திரும்பப் பட்டியலில் சேர்த்துவிட்டு மடிக்கணினியை மூடினாள்.

“தப்பு என்னுது மேடம். எழுதியே கொண்டுவந்திருக்கேன். அந்த அக்காவைக் கவுண்டர்ல உட்கார வைங்க.”

‘அவசரமா மாத்தச் சொன்னது யார்?’ என்று டாக்டரம்மா பொதுவாகக் கேட்டார். புதுசு மேசையைப் பார்த்தார். நான் அமுக்கினேன், அமுக்கச் சொன்னது அவர், இரண்டும் காகிதத்தில் இருக்கிறது என்றாள் அப்புறம்வா.

வெளியே வந்ததும் கவுண்டர் அக்கா தன் கையைப் பிடித்துக்கொள்வாள், அழுவாள் என்றெல்லாம் அவள் எதிர்பார்த்திருந்தால் அது அவள் பிழை. அக்கா நடைபாதையில் நின்று அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

“செவ்வாய்க்கிழமையே உன் ஏடு போச்சுன்னு உனக்குத் தெரியும். ஒரு வார்த்தை கீழே வந்து சொல்லியிருந்தா நான் அக்கரைக்குப் போன் பண்ணிக் கேட்டிருப்பேனே. எட்டு நாளா என் பிள்ளைங்க முன்னாடி திருடி மாதிரி உட்கார்ந்திருந்தேன். இப்ப வந்து பெரிசா காப்பாத்திட்டே.”

அப்புறம்வாவால் புதுசை எதிர்த்து நிற்க முடிந்தது, இவளை எதிர்த்து நிற்க முடியவில்லை. “ஆமாக்கா, சொல்லியிருக்கணும்” என்றாள். அக்கா திரும்பிப் பார்க்காமல் படியிறங்கினாள். அதற்குப் பிறகு இரண்டு வாரம் அவள் மூன்றாம் மாடிக்குப் போன் செய்யவே இல்லை. தேவை வந்தால் ஆள் அனுப்பினாள்.

தீர்ப்பு இழுத்தடித்து வந்தது. கவுண்டர் அக்கா மேல் தப்பில்லை. அப்புறம்வாவைச் சர்வர் பொறுப்பிலிருந்து விடுவித்து அடித்தளத்துப் பதிவேட்டறைக்கு மாற்றுகிறார்கள். புதுசுக்கு எச்சரிக்கைக் கடிதம். குறிப்பேட்டைச் சரியான இடத்துக்கு மாற்ற வேண்டும் என்று டாக்டரம்மா அறிக்கையில் எழுதியிருந்தார்; அந்தத் தனி இடத்துக்கு வேண்டிய மூன்று கையெழுத்தும் அதிலேயே விழுந்திருந்தன. சோதனை இயந்திரத்தில் மாற்றிச் சரிபார்த்து வைத்துவிட்டு அனுமதி கேட்டாள் அப்புறம்வா. அதைப் புது ஆள் வந்து பார்த்துக்கொள்வார், அவள் இனி எதையும் தொட வேண்டாம் என்றார் புதுசு. புது ஆள் எப்போது வருவார்? அப்புறம்.

உத்தரவு வருகிற நாளும் வந்தது. தலைமை அலுவலகம் அந்த வாரம்தான் தன் மெயில்களையெல்லாம் புது முகவரிக்கு, புது சர்வருக்கு மாற்றியிருந்தது. காலை பதினொன்று ஐந்துக்கு அவள் திரையில் இரண்டு வரிகள் விழுந்தன. இரண்டும் அந்தப் புது முகவரியிலிருந்து. ஒன்று அவளுக்கு, ஒன்று ரத்த வங்கி கவுண்டருக்கு. ஒவ்வொன்றின் எதிரிலும்: வந்தது ஒரு முறை, அப்புறம் வரச் சொல்லப்பட்டது.

என்ன உத்தரவுகள் என்று அவளுக்குத் தெரியும். அக்காவை நிரந்தரமாக்குவதும் இன்றைக்குத்தான் வரும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். இரண்டும் வாசலில் பக்கத்தில் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தன. அவள் நினைத்தால் தெரிந்தவர் பட்டியலில் சேர்த்து, உடனே மறுபடி அனுப்பச் சொல்லி உள்ளே விடலாம். அமைச்சரே அனுப்பினாலும் கால் மணி நிற்கட்டும் என்று அவளே எழுதிய சட்டம் அது. தனக்கு மட்டும் ஏன் மாற்ற வேண்டும்?

தொலைபேசி அடித்தது. புதுசு.

“ஆர்டர் அனுப்பிட்டாங்களாம். கிடைச்ச நிமிஷத்துலேர்ந்து நீங்க அந்த சீட்ல இல்லைன்னு போட்டிருக்கு. வந்துச்சா?”

“வாசல்ல நிக்குது சார். அப்புறம் வரும்.”

அவள் ரிசீவரை வைத்தாள்.

கிடைத்த நிமிஷத்திலிருந்து என்றால், கிடைக்காதவரை நாற்காலி அவளுடையது. அவள் கையேட்டின் அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டாள். ஃபோல்டருக்கு வெளியே, சர்வர் தரும் தனி இடத்தில், ப்ளகினுக்கென்று ஓர் அறை திறந்தாள். குறிப்பேட்டுக்கு வழி சொல்லும் ஒரே ஒரு வரியை ப்ளகினில் மாற்றினாள். சர்வரை நிறுத்தி, குறிப்பேட்டை எடுத்து அங்கே வைத்தாள். எல்லாம் ஏழு நிமிஷம். மூன்று வருஷம் தள்ளிப்போட்ட வேலை ஏழே நிமிஷம்தான்.

சர்வரை மறுபடி கிளப்பும் முன் மாற்றிய வரியை இன்னொரு முறை படித்தாள். அவள் செய்ததில் பிசகு இருந்தால், எழுந்ததும் ப்ளகினுக்கு யாரையும் அடையாளம் தெரியாது. அக்காவின் உத்தரவு மறுபடி தட்டும்போது அதை மறுபடியும் அப்புறம் வா என்று விரட்டும். ஆறு வருஷம் காத்திருந்தவளை, அவளுடைய நிரல் இரண்டாவது முறையாக வாசலில் நிறுத்தும். உள்ளங்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு அமுக்கினாள்.

சர்வர் எழுந்தது. வழக்கமான மெயில்கள் வர ஆரம்பித்தன. பரிசோதனைக்கூடம், மருந்துக் கிடங்கு எல்லாமே நிற்காமல் நேராக உள்ளே போயின. அவள் மூச்சை விட்டாள், ஆனால் நாற்காலியைவிட்டு எழவில்லை. பதினொன்று இருபத்தொன்றுக்குத் தலைமை அலுவலகத்தின் இரண்டு மெயில்களும் மறுபடி வந்து தட்டின.

ப்ளகின் குறிப்பேட்டைப் புரட்டியது. வந்தது இரண்டு முறை. தெரிந்தவர். உள்ளே விடு.

தன் பெட்டியில் விழுந்ததைத் திறந்து படித்தாள். பதிவேட்டறை, அடித்தளம், இந்தக் கணம் முதல். மாடத்திலிருந்த கோப்பையையும், பென்சிலால் அடிக்கோடு போட்ட கையேட்டையும் எடுத்துக்கொண்டு எழுந்தபோது தொலைபேசி அடித்தது. இனி அதை எடுக்க அவளுக்கு உரிமை இல்லை, எடுத்தாள்.

இரண்டு வாரத்துக்குப் பிறகு கவுண்டர் அக்காவின் குரல்.

“வந்துடுச்சு.”

“எனக்கும் வந்துடுச்சுக்கா” என்றாள் அப்புறம்வா.